சோளப்பாகும் மலைத்தேனும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யாம் எம் ஊராகிய போடிநாயக்கனூர்க்குச் சென்றிருந்தபோது, எம் பெரியம்மாவின் வீட்டு அடுக்களையில் ஒரு புட்டியைக் கண்டோம். அமெரிக்காவினின்றும் வந்திருந்த உறவினர் ஒருவர் சாக்கலேட்டு, சோப்பு முதலியவற்றோடு அதனையும் கொணர்ந்து கொடுத்திருந்தார். செம்பொன் நிறத்ததாய், சாய்த்தால் மெல்ல ஒழுகுவதாய், கண்டார் எவரும் தேனென்றே மயங்கத்தக்கதாய் அஃது இருந்தது. பெரியம்மாவும் அதனைச் சீமைத் தேன் என்றே எண்ணி, நாள்தோறும் காலையில் தோசைக்கு இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு வந்தார்.

பெரியம்மா ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பொறுக்கும் தொழில் செய்பவர். மலையினின்றும் வந்திறங்கும் காயைப் பருமனாலும் நிறத்தாலும் பிரித்து ஒதுக்குவதில் அவர் விரல்களுக்கு நிகரான விரல்கள் எம் தெருவில் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர்க்கு நீரிழிவு கண்டது. அன்றுதொட்டு, காப்பியிற் சீனியை விட்டார். பண்டிகைப் பலகாரத்தையும் தொடுவதில்லை. அவ்வளவு கட்டுப்பாடு உடையவர்க்கு அந்த மாதம் வெறும் வயிற்றில் எடுத்த சோதனையிற் சர்க்கரை 212 என்று வந்தது. வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துச் செல்லும் சுகாதாரப் பணிப்பெண் வியப்புற்று, "இனிப்பு ஏதும் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று வினவ, பெரியம்மா இல்லையென்று சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் தேன் இனிப்பில் சேர்ந்ததன்று.

"சீனிதானே தம்பி ஆகாதுன்னாங்க? தேன் மருந்தாச்சே! எங்க அம்மா எந்தச் சூரணத்தையும் தேன்ல குழைச்சுத்தானே குடுத்தாங்க" என்று அவர் எம்மிடம் சொன்னார்.

யாம் புட்டியைத் திருப்பி, எறும்பினும் சிறியனவாய் அச்சிட்டிருந்த எழுத்துக்களைப் படித்தோம். அதனுள் தேன் ஒரு துளியும் இல்லை. முதற்கண் நின்ற பெயர் 'ஹை ஃபுருக்டோஸ் கார்ன் சிரப்' என்பது. அடுத்து நின்றது 'கார்ன் சிரப்'. பின்னர் நீர், நிறம், மணம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினரான எமக்கு இப்பெயர் சங்கநூற் சொற்களினும் கடினமாயிருந்தது. கல்லூரி திறந்தபின் இரசாயன வகுப்பு நண்பர் ஒருவரை நச்சரித்தும், நூல் நிலையத்தில் தேடியும் யாம் அறிந்துகொண்டவற்றை எம்போன்ற பிற துறை மாணாக்கர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

'கார்ன்' என்று அமெரிக்கர் சொல்வது நம் மக்காச்சோளமே. தேனியினின்றும் போடிக்கு வரும் வழியில் மழைக்காலங்களில் இருமருங்கும் ஆளுயரம் வளர்ந்து நிற்பதை இரயிலில் வருவோரும் காணலாம். அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, கொலம்பஸின் பயணத்திற்குப் பின்னரே ஏனைய நாடுகளுக்குப் பரவிய பயிர் அது. நம் நாட்டில் விளையும் மக்காச்சோளத்திற் பெரும்பகுதி நாமக்கல் முதலிய இடங்களிலுள்ள கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கின்றது. ஒரு பகுதி மாவுச்சத்து ஆலைகளுக்குச் செல்கின்றது. கடித்தால் மாவாக உதிரும் இம்மணி தேன்போல் இனிக்கும் பாகாவது எங்ஙனம்?

இதனை அறிய ஆலைக்குச் செல்லவேண்டுவதில்லை. ஒரு பிடி வெறுஞ்சோற்றை வாயிலிட்டு விழுங்காமல் நெடுநேரம் மென்றிருங்கள். சிறிது சிறிதாக இனிப்புத் தோன்றும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகள் ஆயிரக்கணக்கிற் கோத்த மாலை. மாலையாயிருக்குமளவும் நாவிற்கு இனிப்புப் புலப்படாது. உமிழ்நீரிலுள்ள நொதி அம்மாலையை அறுத்துவிடுதலால் இனிப்புத் தோன்றுகின்றது. ஆலைக்காரர் செய்வதும் இதுவே. சோள மாவுச்சத்தை நீரிற் கரைத்துச் சூடாக்கி, ஒரு நொதியினால் மாலையைத் துண்டுகளாக்கி, மற்றொரு நொதியினால் அத்துண்டுகளைத் தனித்தனி மணிகளாக்குகின்றனர். இம்மட்டில் நிறுத்தினாற் கிடைப்பது 'லிக்விட் குளுக்கோஸ்' முதலிய வெறும் சோளப்பாகு. அது சீனியளவு இனிப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு நொதி வந்தது. அதுவே உலகை மாற்றியது. குளுக்கோஸை அதன் உடன்பிறப்பாகிய ஃபுருக்டோஸாகத் திருப்பும் ஆற்றலுடைய நொதியொன்றை 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மார்ஷல், கூயி என்னும் இருவர் கண்டு வெளியிட்டனர். 1960-களில் ஜப்பானியராகிய தகசாகியும் அவர்தம் குழுவினரும் அதனைத் தொழிற்சாலைக்கு உதவும் வண்ணம் செப்பம் செய்தனர். 1967-இல் அமெரிக்காவில் இப்பாகு விற்பனைக்கு வந்துவிட்டது. ஃபுருக்டோஸ் சீனியினும் மிக இனிப்புடையது. ஆதலின் அது கலந்த பாகு சீனிக்கு ஈடாயிற்று. நூற்றுக்கு 42 பங்கு ஃபுருக்டோஸ் உடையது ஒருவகை. 55 பங்கு உடையது மற்றொரு வகை. முன்னது ரொட்டி, பலகாரங்களிலும், பின்னது பெரும்பாலும் குடிவகைகளிலும் சேர்க்கப்படுகின்றது.

ஃபுருக்டோஸுக்குத் தமிழிற் 'பழச்சர்க்கரை' என்று பெயரிட்டிருக்கின்றனர். கனிகளில் உள்ளதாதலின் பெயர் பிழையன்று. ஆயினும் சோளமும் ஆலையும் நொதியும் சேர்ந்து செய்த பொருளொன்று பழத்தின் பெயரைப் போர்த்துக்கொண்டு வரும்போது, கேட்போர் மாம்பழத்தையும் பலாச்சுளையையும் நினைந்து மனமிரங்கி விடுகின்றனர் என்பது எம் கருத்து.

அமெரிக்கர் இப்பாகை விரும்பியது நாவின் காரணமாக அன்று, பணத்தின் காரணமாக. 1974-இல் உலகச் சந்தையிற் சீனியின் விலை வானளாவ உயர்ந்தது. வெளிநாட்டுச் சீனிக்கு அந்நாட்டரசு வரம்பு கட்டியிருந்ததால் உள்நாட்டில் அதன் விலை தாழாது நின்றது. சோளமோ அரசின் ஆதரவோடு கடல்போல் விளைந்தது. மேலும், பாகு நீர்வடிவினது; குழாயில் ஓடும், தொட்டி வண்டியிற் செல்லும்; கரைக்கும் வேலையில்லை; கட்டியாக உறைவதுமில்லை. 1980-இல் பேர்பெற்ற கோலாக் கம்பெனியொன்று சீனியிற் பாதிக்குப் பதில் இதனைச் சேர்க்க இசைந்தது. 1984-இல் அமெரிக்காவின் இருபெருங் கோலாக் கம்பெனிகளும் முழுவதும் இதற்கே மாறிவிட்டன. பின்னர்த் தக்காளிச் சாறு, ரொட்டி, தயிர், ஊறுகாய் என்று இனிப்பை எவரும் எதிர்பாராத பண்டங்களிலும் அது புகுந்தது.

அதே காலத்தில் அந்நாட்டு மக்களின் உடல் பருத்துக்கொண்டே வந்தது. 2004-இல் பிரே, நீல்சன், பாப்கின் என்னும் மூவர், இவ்விரண்டும் ஒருங்கு வளர்ந்தமையைச் சுட்டி, பானங்களிற் கலந்த இப்பாகு உடற்பருமனுக்கு ஒரு காரணமாகலாம் என எழுதினர். அன்றுமுதல் சோளப்பாகு என்னும் பெயரே ஒரு வசைச்சொல்லாயிற்று. ஆலைக்காரர் சங்கம் அதனை மாற்றிச் 'சோளச் சர்க்கரை' என வழங்க இசைவு தருமாறு 2010-இல் அரசின் உணவுத்துறையை வேண்டிற்று. 2012-இல் அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. சர்க்கரை என்பது உலர்ந்து மணியாகும் திண்பொருள், இது பாகு என்பது அத்துறை கூறிய காரணங்களுள் ஒன்று. இலக்கணம் கற்கும் எமக்கு இத்தீர்ப்பு மிக இனித்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே கடைகளில் விற்கும் பொட்டலங்களை எடுத்துப் பார்ப்போர் இச்சோளப்பாகின் பெயரை அரிதாகவே காண்பர். கரும்பு நம்மிடம் பழமையானது. அதியமானின் முன்னோர் அதனைக் கொணர்ந்தனரென்று ஒளவையார் புறநானூற்றின் 99-ஆம் பாட்டிற் குறித்திருக்கின்றார். இன்றும் உலகிற் கரும்புச் சீனி மிகுதியாகச் செய்யும் நாடுகளில் இந்தியா முன்னணியில் நிற்கின்றது. ஆதலின் நம் நாட்டுக் கோலாவிற் பெரிதும் சீனியே கலக்கின்றனர். அங்ஙனமாயின் இக்கட்டுரைக்கே வேலையில்லை, அது அமெரிக்கர் பிணி என்று வாசகர் தாளைப் புரட்டிவிடலாகாது.

விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு யாம் போடியிலே ஜீப்புகள் நிற்குமிடத்திற்குச் சென்றோம். நூற்றுக்கணக்கான ஆணும் பெண்ணும் தூக்குச்சட்டியும் போர்வையுமாய் நெருக்கியடித்து ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் நேரம் அது. முன்னாளில் தூக்குச்சட்டியே போதுமானதாயிருந்தது. இப்பொழுது தேநீர்க் கடையின் வாயிலில் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் பூமாலைகள்போல் தொங்குகின்றன. பத்து மணிக்குப் பசித்தால் கொறிக்கவும், வீட்டிலுள்ள குழந்தைக்குக் கொண்டுசெல்லவும் ஆளுக்கு ஒன்றிரண்டு வாங்கிக்கொள்கின்றனர். யாமும் மூன்று வகை வாங்கினோம். அவற்றுள் ஒரு பிஸ்கட்டின் உறையில் மைதா, சீனி, பனையெண்ணெய் என்பவற்றின் பின்னர் 'இன்வர்ட் சிரப்' என்றிருந்தது. கேக்கு ஒன்றில் சீனியோடு 'லிக்விட் குளுக்கோஸ்' இருந்தது. கிரீம் பிஸ்கட்டில் சீனி, இன்வர்ட் சிரப் இரண்டும் இருந்தன.

இன்வர்ட் சிரப் என்பது யாது? சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபுருக்டோஸும் கைகோத்து நிற்பது. சீனிக் கரைசலைச் சிறிது அமிலமோ நொதியோ சேர்த்துக் காய்ச்சினால் அக்கைகள் விடுபடும். சீனிக் கரைசல் ஒருவகை ஒளியை வலப்புறம் திருப்பும். பிரிந்தபின் அதே கரைசல் இடப்புறம் திருப்பும். இங்ஙனம் தலைகீழாதல் பற்றியே அதற்கு 'இன்வர்ட்' என்னும் பெயர் வந்தது. பிரிந்த பாகிற் பாதி குளுக்கோஸ், பாதி ஃபுருக்டோஸ். அமெரிக்கப் பாகில் 55-உம் 42-உம். இதில் 50-உம் 50-உம். ஒன்று சோளத்திற் பிறந்தது, மற்றொன்று கரும்பிற் பிறந்தது. வயிற்றினுள் சென்றபின் இவற்றைப் பிரித்தறிவார் யார்? கோலாவிற் கலந்த சீனியும் குடலின் நொதியால் அவ்வாறே பிரிக்கப்படுவதேயாம். சோளப்பாகையும் சீனியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில் உடலெடையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும் அமெரிக்காவில் இப்பாகின் பயன் 1999-ஐ ஒட்டி உச்சத்தையடைந்து பின் குறைந்தது, பருமனோ குறையவில்லை. ஆகவே சோளத்தின்மேற் சுமத்தும் பழி கரும்பையும் சாரவேண்டுவதே.

ஃபுருக்டோஸ் செய்யும் கேடுதான் யாது என்பதைச் சற்று விரித்துரைப்போம். பெரியம்மாவுக்கு யாம் விளக்க முயன்றதும் இதுவே.

குளுக்கோஸ் உண்டால் அஃது இரத்தத்தோடு கலந்து உடம்பெங்கும் செல்லும். மூளையும் தசையும் ஏனைய உறுப்புக்களும் அதனைப் பங்கிட்டுக்கொள்ளும். ஈரலுக்குச் செல்லும் பங்கிற்கும் ஒரு காவல் உண்டு. போடிமெட்டிற் சோதனைச் சாவடி நிற்பதுபோல, ஈரலினுள் ஒரு நொதி நின்று, உள்ளே ஆற்றல் போதுமான அளவு இருக்குமாயின் மேல்வரும் குளுக்கோஸை மட்டுப்படுத்தும். ஃபுருக்டோஸ் அச்சாவடி வழியே செல்வதில்லை. தார்ச்சாலை போடுமுன் தலைச்சுமைக்காரர் ஏறிச்சென்ற ஒற்றையடிப் பாதையிற் சாவடி ஏது? அதுபோல வேறொரு வழியாகப் புகுந்து, வேண்டுமோ வேண்டாவோ என்று பாராமல், வந்ததெல்லாம் மாறுதலுறும். ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஒரு பகுதி லாக்டேட்டாகவும் திரியும். மிகுந்து வருமாயின் ஒரு பகுதி கொழுப்பாகும். அக்கொழுப்பிற் சிறிது ஈரலிலேயே தங்கும்; சிறிது இரத்தத்திற் கலந்து ஊறுசெய்யும். இம்மாற்றத்தின் பக்கவிளைவாக யூரிக் அமிலமும் பெருகும். மூட்டுக்களைப் பற்றும் கௌட் என்னும் நோய்க்கு வித்து அதுவே. மதுவைக் கண்ணாலும் காணாதவர்க்கு ஈரலிற் கொழுப்புப் படிந்திருப்பதாக மருத்துவர் சொல்லக் கேட்டு வீட்டார் திகைக்கும் காட்சி இப்போது அரிதன்று.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சு நகரத்தில் நடந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியொன்று எமக்கு மிகத் தெளிவாகத் தோன்றிற்று. நோயற்ற ஆடவர் 94 பேரை எடுத்துக்கொண்டு, அவருள் சிலர்க்கு ஃபுருக்டோஸும், சிலர்க்குச் சீனியும், சிலர்க்குக் குளுக்கோஸும் நாளொன்றுக்கு 80 கிராம் கலந்த பானம் ஏழு வாரம் கொடுத்தனர். எஞ்சிய சிலர்க்கு யாதும் கொடுத்திலர். ஃபுருக்டோஸ் குடித்தவர்க்கும் சீனி குடித்தவர்க்கும் ஈரல் கொழுப்பை ஆக்கும் வேகம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. குளுக்கோஸ் குடித்தவர்க்கு அங்ஙனம் நேரவில்லை. பருத்துப்போனவர்களன்று, நல்ல உடம்புடைய இளைஞர்கள்! சோளப்பாகின் பெயரே இதில் வரவில்லை என்பதும் கருதத்தக்கது.

மாம்பழம் தின்னலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போடிக்காரரிடம் கேட்கத்தகாத கேள்வி அது! கனியிலுள்ள ஃபுருக்டோஸ் நாரோடும் நீரோடும் கலந்து மெல்ல மெல்ல உட்செல்வது. அளவு சிறிதாயின் சிறுகுடலே அதனைப் பெரிதும் மாற்றி முடித்துவிடும் என்றும், அளவு மீறும்போதுதான் ஈரலுக்கு வழிந்தோடுகின்றது என்றும் எலிகளில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று காட்டுகின்றது. மூன்று ஆரஞ்சுப் பழத்தைத் தின்ன நேரமாகும், வயிறும் நிறையும். அவ்வளவு இனிப்பையும் புட்டியில் அடைத்த பானமாயின் ஒரே மூச்சிற் குடித்துவிடலாம். நீரிழிவுடையார் கனியையும் அளவறிந்தே உண்ணல்வேண்டும் என்பது வேறு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஃபுருக்டோஸ் தனியே உண்ணப்படின் இரத்தச் சர்க்கரையை உடனே ஏற்றுவதில்லை. இதுபற்றி, ஒரு காலத்தில் நீரிழிவுடையார்க்குச் சீனிக்குப் பதிலாக அதனையே உகந்ததென்று கூறிய மருத்துவரும் இருந்தனர். இரத்தத்திற் கொழுப்பை அது ஏற்றுதல் கண்டபின்னர் அவ்வறிவுரை கைவிடப்பட்டது. பெரியம்மாவின் சர்க்கரையோ உடனே ஏறிற்று. ஏனெனின் அவர் ஊற்றிக்கொண்ட பாகில் ஏறத்தாழ மறுபாதி குளுக்கோஸ். இரண்டு பெரிய கரண்டி அளவில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிவுரைப்படி, ஒருவர் உணவினாற் பெறும் ஆற்றலிற் பத்தில் ஒருபங்கினும் குறைவாகவே சேர்க்கைச் சர்க்கரை இருத்தல்வேண்டும். இருபதில் ஒருபங்கினும் குறையின் இன்னும் நன்று. பின்னதன் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். நோயில்லாதவர்க்குச் சொன்ன அவ்வளவு முழுவதையும் நோயாளியாகிய எம் பெரியம்மா ஒரு தோசையோடு முடித்திருந்தார்! 250 மில்லி கோலாவும் அவ்வளவே கொள்ளும்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம்: மெய்யான தேனாயிருந்தால்?

அந்த அறிவுரையிலேயே, சேர்க்கைச் சர்க்கரையென எண்ணத்தக்கவற்றுள் தேனும் பிழிந்த பழச்சாறும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. நூறு கிராம் தேனில் ஃபுருக்டோஸ் சுமார் 38 கிராம், குளுக்கோஸ் சுமார் 31 கிராம். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். இவ்வெண்களைச் சோளப்பாகின் எண்களோடு வைத்துப் பார்த்தால், ஆலைக்காரன் நெடுநாள் முயன்று தேனீயின் கணக்கையே எட்டியிருக்கின்றான் என்பது விளங்கும். மணமும் மகரந்தமும் மருந்துக்கு அநுபானமாகும் மரபும் தேனுக்கு உண்டு. அவற்றை யாம் மறுக்கவில்லை. அரைக்கரண்டியிற் சூரணம் குழைப்பது வேறு, தோசைக்கு ஊற்றுவது வேறு. கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் இதுவே விடை. அவற்றில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிது உண்டென்பது மெய்யே. அச்சிறிதிற்காக நீரிழிவுடையார் அவற்றை விரும்பி உண்பது, விறகுக்காக வீட்டுக் கூரையைப் பிரிப்பது போலாம்.

ஏலமலைக்கும் தேனீக்கும் உள்ள உறவு பெரிது. ஏலச்செடியின் அடியில் தரையையொட்டி மலரும் அச்சிறு பூக்களைத் தேனீ வந்து தொட்டாலன்றிக் காய் நன்கு பிடிப்பதில்லை. தேனீ இல்லையேல் ஏலம் இல்லை; ஏலம் இல்லையேல், அதனைக் கூறிவிற்கும் போடி ஏலமும் இல்லை, காய் பொறுக்கும் பெரியம்மாவுக்கு வேலையும் இல்லை. இத்தகைய நாட்டில் தேனென்று விற்பது தேன்தானா என்று ஐயுறும் காலம் வந்தமை வருந்தத்தக்கது. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், சோதித்த 22 தேன் மாதிரிகளுள் 17 கலப்படமானவை என்று கண்டதாகக் கூறிற்று. கம்பெனிகள் அதனை மறுத்தன.

கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் முறையில் மீண்டும் நம் சோளம் வருகின்றது. சோளமும் கரும்பும் காற்றினின்று கரியை உட்கொள்ளும் வகை பெரும்பாலான பூஞ்செடிகளின் வகையினின்றும் வேறு. அவ்வேறுபாடு அவற்றின் சர்க்கரையிலுள்ள கரியணுக்களிலேயே பதிந்துவிடுகின்றது. ஆகவே தேனிற் சோளப்பாகையோ கரும்புப்பாகையோ கலந்தால் அறிஞர் அதனை எளிதிற் கண்டு பிடித்துவிடுவர். இதனை உணர்ந்த கலப்படக்காரர், அவ்வடையாளம் இல்லாத அரிசியினின்றும் பாகு செய்து கலக்கத் தலைப்பட்டனர். மேற்சொன்ன அறிக்கை வெளிப்படுத்தியது, வழக்கமான சோதனைகளை ஏமாற்றவென்றே செய்த பாகு சந்தையில் உண்டென்பதையே.

பொட்டலத்தைப் படித்து வாங்குக என்று அறிவுரை கூறுதல் எளிது. 2020-இல் வெளியான நம் நாட்டு விதிகளின்படி, மொத்தச் சர்க்கரையும் சேர்த்த சர்க்கரையும் உறையின்மேற் குறிக்கப்படவேண்டும். சேர்க்கைகள் எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்படவேண்டும். நல்ல விதிகளே. ஆனால் அவ்விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாற் போதும். பிறமொழி விற்பவன் விருப்பம். விடியற்காலை ஜீப்பிலேறும் பெண், மங்கிய விளக்கொளியில் 'இன்வர்ட் சிரப்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் படித்து, அது சீனியின் மறுபெயர் என்று எங்ஙனம் உணர்வாள்? சீனியை மூன்று பெயரால் மூன்றிடத்திற் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் வரிசையிற் கீழிறங்கிவிடும் என்பதை எவர் அவளுக்குச் சொல்வார்? 'குளுக்கோஸ்' என்னும் சொல்லோ நம் நாட்டுப்புறத்தில் ஒரு மந்திரம். மயங்கி விழுந்தவர்க்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் பொருளின் பெயராதலின், அது பொறித்த பிஸ்கட்டைத் தாய்மார் மருந்துபோல் நம்பிக் குழந்தைக்குப் பாலில் நனைத்து ஊட்டுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேர்க்குமேல் நீரிழிவு உண்டு. இத்தகைய நாட்டில் இனிப்பின் பெயர் தமிழில் இல்லாதிருப்பது சிறு குறையன்று. மலையேறும் உழைப்பாளியைப் பிஸ்கட்டு வாங்கினதற்காக நோவது எம் கருத்தன்று. ஐந்து ரூபாய்க்குப் பசியாற்ற வேறென்ன கிடைக்கின்றது?

யாம் இவற்றையெல்லாம் ஒருவாறு சொல்லி முடித்தபின், பெரியம்மா புட்டியைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார். "கோழிக்குப் போடுற சோளத்தையா தம்பி அம்புட்டுத் தொலைவிலிருந்து சுமந்துகிட்டு வந்தான்?" என்றார். பின்னர் அதனை மூடி, பேரப்பிள்ளைகளுக்கும் எட்டாதபடி பரணில் ஏற்றினார். குரங்கணியிலிருந்து வாங்கி வைத்திருந்த மெய்த்தேன் சிறு சீசாவில் மருந்துக்கென்று அலமாரியிலேயே இருக்கின்றது. இரண்டு மாதம் கழித்து எடுத்த சோதனையில் 148 என்று வந்ததாம். இடையில் மாத்திரையின் அளவையும் கூட்டியிருந்தனர்; ஆதலின் எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வதற்கில்லை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். கிட்டங்கியில் மாலைத் தேநீருக்கு ஒருத்தி வாங்கிவந்த பொட்டலத்தை, உடன் வேலை செய்யும் பெண்ணின் பள்ளிக்கூட மகள் எழுத்துக்கூட்டிப் படித்துக் கொண்டிருந்தாளாம். "தம்பி, இதுல 'இன்வர்ட்டு'ன்னு போட்டிருக்காம். நீ சொன்னியே, அந்தத் தலைகீழாப் புரட்டுனதுதானே?" என்று கேட்டார். அதுவேதான் என்றோம். மறுமுனையில் அவர் அதனை உரத்த குரலில் மற்றவர்க்குச் சொல்வது கேட்டது.